எஸ்எச்ஜி படத்தில் தோல் நன்றாக இருக்கிறது, சாயம் போட்டுப் பார்த்தால் வெந்திருக்கிறது. எதை நம்புவது?

கேள்வி: கயல்_லேப்

எல்லோருக்கும் வணக்கம். நான் உயிரியல் ஒளியியலில் பிஎச்டி இரண்டாம் ஆண்டு. சூடு பட்ட தோலில் சேதம் எவ்வளவு தூரம் போயிருக்கிறது என்பதை வெட்டாமல், சாயம் போடாமல், திசுவுக்குள் லேசரைச் செலுத்திப் படமெடுக்கும் மல்டிஃபோட்டான் நுண்ணோக்கியால் சொல்ல முடியுமா என்பதுதான் என் தலைப்பு. ஆறு மாதமாகப் பன்றித் தோலோடுதான் குடித்தனம்.

செய்வது இவ்வளவுதான். கசாப்புக் கடையிலிருந்து தோல் வாங்கி வந்து, ஒரு சென்டிமீட்டர் சதுரமாக வெட்டி, பிளாஸ்டிக் உறையில் காற்றில்லாமல் அடைத்து, வாட்டர் பாத்தில் 45, 50, 55, 60, 65, 70 டிகிரி என்று ஒவ்வொன்றிலும் 5 நிமிடம் வைக்கிறேன். எடுத்தவுடன் ஐஸ். அப்புறம் 800 நானோமீட்டர் லேசரில், தோலுக்கு வலு தரும் நார்ப் புரதமான கொலாஜனின் இரண்டாம் ஹார்மோனிக் சிக்னல், அதாவது எஸ்எச்ஜி, 400-இல் வருவதைப் பதிவு செய்கிறேன். 750-க்கு மாற்றி மேல்தோல் செல்களின் தன்னொளிர்வையும் (சாயமில்லாமல் செல் தானாகவே ஒளிர்வது) எடுக்கிறேன். துண்டில் பாதியை ஃபார்மலினில் போட்டு எச் அண்ட் இ சாயத்துக்கு (நோயியலில் திசு பார்க்கப் போடும் வழக்கமான சாயம்) அனுப்பிவிடுவேன்.

சிக்கல் என்னவென்றால், எஸ்எச்ஜி 55 வரை அசையவே இல்லை, 60-இல் கொஞ்சம் மங்குகிறது, 65-இல் ஏறக்குறைய இருட்டு. ஆனால் சாயம் போட்ட துண்டுகளைப் பார்த்த நோயியல் மேடம், 55-இலேயே மேல்தோல் விட்டுப்போயிருக்கிறது, அணுக்கருக்கள் நீண்டு கிடக்கின்றன, இது வெந்த தோல் என்கிறார். இதைவிட மோசம், சூடே காட்டாத கன்ட்ரோல் துண்டுகளிலும் இடத்துக்கு இடம் அதே மாதிரி இருக்கிறது என்கிறார். என் தன்னொளிர்வுப் படத்திலும் கன்ட்ரோலில் செல்கள் மங்கலாகத்தான் தெரிகின்றன, சில இடங்களில் மேல்தோலே காணோம். என் வழிகாட்டி "எஸ்எச்ஜி போனால் சேதம், இருந்தால் சேதமில்லை, அதை வைத்து பேப்பர் எழுது" என்கிறார். எனக்கு மனசு ஒப்பவில்லை. நான் எங்கே தவறு செய்கிறேன்? லேசர் சக்தியா, சாயமா, இல்லை அடிப்படையே தப்பா?

பதில் 1: ஒளித்தச்சன்

அடிப்படையில்தான் ஒரு குழப்பம் இருக்கிறது கயல், உங்களுடையது இல்லை, உங்கள் வழிகாட்டியின் அந்த ஒரு வாக்கியத்தினுடையது. எஸ்எச்ஜி பார்ப்பது கொலாஜனை மட்டும். மூன்று இழைகள் முறுக்கிய கயிறாக, ஒரே திசையில் ஒழுங்காக அடுக்கியிருப்பதால்தான் இரண்டு 800 ஃபோட்டான்கள் சேர்ந்து ஒரு 400 ஆக வெளியே வருகின்றன. சூட்டில் அந்த முறுக்கு அவிழ்ந்து ஜெலட்டின் ஆனதும் ஒழுங்கு போகிறது, சிக்னலும் போகிறது. அவிழ்வது 60 டிகிரிக்கு மேல்தான். செல்களோ அதற்கு எத்தனையோ முன்பே செத்துவிடும்.

எவ்வளவு முன்பு என்று கேட்டால், 1947-இல் மோரிட்ஸும் ஹென்ரிக்கஸும் பன்றித் தோலிலும் மனிதத் தோலிலும் செய்து காட்டிய கணக்கு இன்றும் நிற்கிறது. 44 டிகிரியில் மேல்தோல் சாக ஏறக்குறைய 6 மணி நேரம், 49-இல் ஒன்பது பத்து நிமிடம், 60-இல் 5 நொடி. உங்கள் 55 டிகிரி, 5 நிமிடம் அந்த எல்லையை எப்போதோ தாண்டியாயிற்று. மேல்தோல் செத்தது, கொலாஜன் பிழைத்தது. நோயியல் மேடம் சொல்வதும் சரி, உங்கள் எஸ்எச்ஜி சொல்வதும் சரி. இரண்டு பேரும் வேறு வேறு கேள்விக்குப் பதில் சொல்லிக்கொண்டிருக்கிறார்கள். இதிலிருந்தே தெரியும், நேரம் சொல்லாமல் வெறும் டிகிரி சொன்னால் ஒன்றுமே சொன்னதாகாது. "65 டிகிரியில் சேதம்" என்று மட்டும் எழுதினால் எந்த ரிவியூவரும் விடமாட்டார். நேரத்தையும் வெப்பத்தையும் சேர்த்து அர்ரீனியஸ் கூட்டுத்தொகையாக, அதாவது அந்தந்தச் சூட்டில் நொடிக்கு நொடி ஏறும் சேதத்தைக் கூட்டிக்கொண்டே போகும் கணக்காகப் போடுங்கள், ஹென்ரிக்கஸ் அதே 1947-இல் போட்ட வழிதான்.

செல்களுக்கு நீங்கள் 750-இல் எடுப்பது சரியான வழி, அங்கே முக்கியமாக ஒளிர்வது என்ஏடிஎச், செல்லின் ஆற்றல் வேலையில் பங்கெடுக்கும் மூலக்கூறு. ஆனால் அதற்குத் தோல் புதிதாக இருக்க வேண்டும். ஃபார்மலினில் போட்டபின்போ, உறைய வைத்து உருக்கியபின்போ எடுத்த தன்னொளிர்வை வைத்து செல் உயிரோடு இருந்ததா என்று பேசக்கூடாது. எஸ்எச்ஜி அப்படி இல்லை, ஃபார்மலினையும் ஃப்ரீசரையும் பெரும்பாலும் தாங்கும்.

இன்னும் மூன்று விஷயம், இதில் நானே அடிபட்டிருக்கிறேன். 400-இல் தெரிவதெல்லாம் எஸ்எச்ஜி என்று நம்ப வேண்டாம். லேசரை 820-க்கு நகர்த்திப் பாருங்கள், உண்மையான எஸ்எச்ஜி என்றால் சமர்த்தாக 410-க்கு வரும், தன்னொளிர்வு இருந்த இடத்திலேயே உட்கார்ந்திருக்கும். அடுத்தது, சிக்னல் மூலக்கூறு எண்ணிக்கையின் வர்க்கத்தோடு போகிறது. பாதிக் கொலாஜன் அவிழ்ந்தாலே வெளிச்சம் கால்வாசிக்கு இறங்கிவிடும், ஆகவே "சிக்னல் 75 சதவீதம் குறைந்தது, சேதம் 75 சதவீதம்" என்று எழுதிவிடாதீர்கள். மூன்றாவது, சூடு பட்ட திசு ஒளியைச் சிதறடிக்கும் விதம் மாறிவிடும், அதனால் மேலிருந்து ஆழமாகப் போகப் போக இருட்டுவது கொலாஜன் போனதாலா, ஒளி போய்ச் சேராததாலா என்று பிரிக்க முடியாது. கிரையோஸ்டாட்டில் (உறைந்த திசுவை மெல்லியதாகச் சீவும் கருவி) குறுக்காக வெட்டி அந்த வெட்டுமுகத்தைப் பாருங்கள், ஆழக் கணக்கு சுத்தமாக வரும். வெட்டாமல் பார்ப்பதுதானே தலைப்பு என்று கேட்பீர்கள். வெட்டிப் பார்த்து உறுதி செய்யாமல் வெட்டாமல் பார்த்ததை யாரும் ஏற்கமாட்டார்கள்.

கன்ட்ரோல் ஏன் அப்படி இருக்கிறது என்று மட்டும் எனக்குப் பிடிபடவில்லை. தோல் பழசா?

பதில் 2: தோல்ஷாப்_வாணியம்பாடி

எனக்கு லேசர் தெரியாது, ஆனால் தோல் தெரியும், முப்பது வருஷமாகத் தோல் ஷாப்பில் இருக்கிறேன். தம்பி கடைசியில் கேட்டாரே, அதுதான் கேள்வி. அம்மா கயல், அந்தப் பன்றியை அறுத்தபின் கடைக்காரர் முடியை எப்படி எடுத்தார்?

பன்றியை மாடு ஆடு மாதிரி உரிப்பதில்லை, தோலோடுதான் கறி விற்பார்கள். முடி போக வேண்டுமென்றால் ஒன்று கொதிக்கும் தண்ணீரை ஊற்றிச் சுரண்டுவார்கள், இல்லை நெருப்பில் வாட்டுவார்கள். பெரிய இறைச்சி ஆலைகளில் உடலை அப்படியே 60 டிகிரி வெந்நீர்த் தொட்டியில் ஐந்தாறு நிமிடம் முக்கி எடுப்பார்கள். அந்தச் சூட்டில் முடி மட்டுமா கழலும், மேல்தோலும் சேர்ந்துதான் கழலும். நீங்கள் சூடு காட்டாத துண்டு என்று நினைப்பது ஏற்கெனவே வெந்நீரில் குளித்துவிட்டு வந்த தோல். உங்கள் மேடம் பொய் சொல்லவில்லை.

மற்றபடி, கொலாஜன் 60-க்கு மேல் அவிழ்கிறது என்று தம்பி சொன்னது எங்கள் தொழிலில் தினமும் பார்க்கிற சங்கதி. சுருங்கு வெப்பம் என்போம். பச்சைத் தோலை ஈரத்தோடு மெல்ல சூடாக்கினால் 60, 65-இல் கண்ணெதிரே சுருண்டுகொள்ளும். ஆவாரம்பட்டை மாதிரி பட்டையில் பதனிட்டது 75, 80 தாங்கும். குரோம் போட்டது கொதிநீரில் போட்டாலும் சுருங்காது. ட்ரம்மிலிருந்து ஒரு துண்டு வெட்டிக் கொதிநீரில் போட்டுச் சுருங்குகிறதா என்று பார்த்துத்தான் பதம் ஆகிவிட்டதா என்று முடிவு செய்வோம். மைக்ரோஸ்கோப் வேண்டாம், ஒரு ஸ்கேல் போதும். கிண்டல் இல்லை, நீங்களும் ஒவ்வொரு துண்டையும் சூட்டுக்கு முன்னும் பின்னும் அளந்து எழுதி வைத்தால் உங்கள் படத்துக்குப் பக்கத்தில் ஒரு எண் கிடைக்கும், செலவே இல்லாமல்.

ஈரம் போகாமல் உறையில் அடைத்துச் சுடுகிறீர்கள், அது நல்லது. காய்ந்த தோல் நனைந்த தோலைவிட எவ்வளவோ அதிகச் சூடு தாங்கும். ஹாட் பிளேட்டில் வைத்துச் சுட்டிருந்தால் மேலே காய்ந்து கணக்கே மாறிப்போயிருக்கும். உப்புப் போட்டு வைத்த தோலையும் வாங்காதீர்கள்.

இன்னொன்று, கேட்காமலே சொல்கிறேன். அந்த மூன்று இழை முறுக்கைக் கண்டுபிடித்ததே நம் சென்னையில்தான். ஜி.என். ராமச்சந்திரனும் கோபிநாத் கர்த்தாவும் 1954-இல் சென்னைப் பல்கலைக்கழகத்தில் செய்தார்கள். நல்ல எக்ஸ்ரே படம் கிடைக்க அவர்களுக்கு உதவியது கங்காரு வால் தசைநாண், அது வந்தது அடையாறு மத்திய தோல் ஆராய்ச்சி நிலையத்திலிருந்து. தோல்காரர்கள் கொடுத்த துண்டில்தான் உங்கள் எஸ்எச்ஜியின் ஆதாரம் இருக்கிறது என்று பெருமையாகச் சொல்லிக்கொள்வேன்.

கயல்_லேப்

ஐயா, உங்கள் பதிலைப் படித்துவிட்டு நேரே கடைக்குப் போனேன். "ஆமாம்மா, கொதிக்கிற தண்ணி ஊத்தித்தான் சொரண்டுவோம், இல்லன்னா முடியோட யாரு வாங்குவா" என்றார். ஆறு மாதம். கன்ட்ரோல் இடத்துக்கு இடம் மாறியதும் இப்போது புரிகிறது, தண்ணீர் எங்கே அதிகம் விழுந்ததோ அங்கே. அழுவதா சிரிப்பதா தெரியவில்லை.

ஒளித்தச்சன் அண்ணா, 820 சோதனை செய்துவிட்டேன், 410-க்குச் சமர்த்தாக வந்தது. அந்த ஒரு விஷயமாவது தப்பில்லை. வர்க்கக் கணக்கை நான் யோசிக்கவே இல்லை, வரைபடங்கள் எல்லாம் திரும்பப் போட வேண்டும்.

பதில் 3: ஒளித்தச்சன்

ஐயாவுக்கு ஒரு கும்பிடு. வெந்நீர் என்றதும் எனக்கு ஞாபகம் வந்தது, தோல் வழியாக மருந்து போவதை ஆராய்கிறவர்கள் மேல்தோலைத் தனியே உரிக்க வேண்டுமென்றே 60 டிகிரி நீரில் ஒரு நிமிடம் போடுவார்கள். இது தெரிந்தும் எனக்குத் தோன்றவில்லை. கோழித் தோலுக்கு மாறலாம் என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள் கயல், இறகு எடுக்க அதையும் வெந்நீரில்தான் முக்குகிறார்கள். கடைக்காரரிடம் சொல்லி வைத்து, தண்ணீர் ஊற்றும் முன் காதை மட்டும் வெட்டி வாங்குங்கள். பன்றிக் காது ஆய்வகங்களில் நெடுநாளாகப் புழங்குகிற பொருள்தான், முடியை நீங்களே கத்தரித்துக்கொள்ளலாம்.

பதில் 4: தீக்காய_வார்டு

நான் தீக்காயப் பிரிவில் அறுவை மருத்துவர். தாமதமாக வருகிறேன், கொஞ்சம் எரிச்சலோடும் வருகிறேன், ஏனென்றால் இந்தத் துறையில் பத்தில் எட்டு ஆய்வுக் கட்டுரை "தீக்காயத்தின் ஆழத்தை அறிய உதவும்" என்று தொடங்கும், ஆனால் எங்களுக்கு என்ன தெரிய வேண்டும் என்று யாரும் கேட்பதில்லை.

வார்டில் நான் முடிவு செய்ய வேண்டியது ஒன்றே ஒன்று. இந்தப் புண் மூன்று வாரத்துக்குள் தானாக ஆறுமா, இல்லை சுரண்டி எடுத்துவிட்டு ஒட்டுத்தோல் வைக்க வேண்டுமா. ஆறும் என்று விட்டு ஆறாமல் போனால் தடித்த தழும்பு, மடக்க முடியாத முழங்கை. ஆறாது என்று வெட்டிவிட்டு அது ஆறியிருக்கக் கூடியது என்றால், தேவையில்லாமல் தொடையிலும் ஒரு புண். மேலோட்டமானதும் முழு ஆழமானதும் கண்ணுக்கே தெரியும். நடுவில் கிடக்கும் காயங்களில்தான் அனுபவசாலிகளும் மூன்றில் ஒரு தடவை தவறுகிறோம்.

அந்த நடுக் காயத்தின் எல்லை உள்தோலுக்குள் எங்கோ இருக்கிறது. உள்தோல் ஒன்று இரண்டு மில்லிமீட்டர் தடிமன், முதுகில் இன்னும் அதிகம். உங்கள் மல்டிஃபோட்டான் தோலில் எவ்வளவு ஆழம் பார்க்கும்? 200 மைக்ரான் தாண்டினால் பெரிய விஷயம். அதாவது மாடி வீட்டின் மொட்டை மாடியைப் பார்த்துவிட்டு அஸ்திவாரத்துக்குச் சான்றிதழ் கொடுக்கிற வேலை. அதுவும் மேலே கொப்புளமும் நீர்க்கசிவும் களிம்பும் இல்லாமல் இருந்தால்.

அடுத்தது நேரம். 1953-இல் ஜாக்சன் வரைந்த மூன்று வளையம் இன்றும் பாடத்தில் இருக்கிறது. நடுவில் வெந்து உறைந்த பகுதி, அதைச் சுற்றி ரத்த ஓட்டம் தேங்கிய பகுதி, வெளியே சிவந்த பகுதி. நடுவளையம் முதல் இரண்டு மூன்று நாளில் பிழைக்கலாம், சாகலாம், நாங்கள் ஏற்றும் திரவம், தொற்று எல்லாவற்றையும் பொறுத்தது. வெட்டி எடுத்த பன்றித் தோலில் ரத்த ஓட்டமே கிடையாது, ஆக அந்த வளையமும் கிடையாது. அதனால்தான் கொலாஜனைப் பார்க்காமல் ரத்த ஓட்டத்தைப் பார்க்கும் லேசர் டாப்ளர் வார்டுக்குள் வந்து சேர்ந்தது, பிரிட்டனில் சிகிச்சை வழிகாட்டுதல் தரும் நைஸ் அமைப்பு 2011-இலேயே பரிந்துரைத்துவிட்டது. அதையும் காயம் பட்டு 48 மணி நேரம் கழித்துத்தான் நம்புகிறோம்.

இப்போது ஆறுதல் சொல்கிறேன். உங்கள் கருவிக்கு வேலை இருக்கிறது, நீங்கள் எழுதிய தலைப்பில் இல்லை, அவ்வளவுதான். ஃப்ராக்ஷனல் லேசர் என்று தோல் மருத்துவர்கள் முகப்பரு வடுவுக்குப் போடுகிறார்களே, மான்ஸ்டைனும் ஆண்டர்சனும் குழுவும் 2004-இல் தொடங்கி வைத்தது. அதில் வேண்டுமென்றே நூறு மைக்ரான் அகலமுள்ள குட்டிக் குட்டிச் சூட்டுத் தூண்களைத் தோலில் ஏற்படுத்துகிறார்கள், முன்னூறு மைக்ரான் அளவு ஆழம். எங்கே வெந்தது, எங்கே வேகவில்லை என்ற கோடு உங்கள் நுண்ணோக்கிக்கு எட்டும் தூரத்தில் கிடக்கிறது, மேலே களிம்பும் சீழும் இல்லை. கருத்த தோலில் சூடு கொஞ்சம் கூடினாலும் கரும்புள்ளியாக மாதக்கணக்கில் நிற்கும், நம் ஊரில் அழகு நிலையங்களில் பட்டுவிட்டு வருகிறவர்களை நானே பார்க்கிறேன். கொலாஜன் எவ்வளவு அவிழ்ந்தது, செல் எவ்வளவு செத்தது என்று ஒரே இடத்தில் இரண்டையும் காட்டினால் அது யாருக்காவது உபயோகப்படும்.

தோல் வேண்டுமென்றால் வயிற்றுக் கொழுப்பு அறுவையில் வெட்டி எறியும் மனிதத் தோல் நிறைய இருக்கிறது. நெறிமுறைக் குழு அனுமதி, நோயாளி ஒப்புதல் இரண்டும் முதலில் வாங்குங்கள். அதுவரை காது.

பதில் 5: சில்லறை_சந்தேகம்

மல்டிஃபோட்டான் லேசர் கோடிக்கணக்கில். எங்கள் கல்லூரியில் ஒரு சாதா நுண்ணோக்கிதான் இருக்கிறது. இதை எளிதாகப் பார்க்க வழியே இல்லையா?

பதில் 6: ஒளித்தச்சன்

இருக்கிறது. மெல்லிய வெட்டில் பிக்ரோசிரியஸ் ரெட் சாயம் போட்டு, குறுக்காக வைத்த இரண்டு போலரைசருக்கு நடுவே பாருங்கள். நல்ல கொலாஜன் நெருப்பு மாதிரி ஆரஞ்சும் மஞ்சளுமாக மின்னும், அவிழ்ந்தது அணைந்துபோயிருக்கும். எஸ்எச்ஜி சொல்லும் அதே ஒழுங்கைத்தான் இதுவும் வேறு வழியில் சொல்கிறது. மாசன் ட்ரைகுரோம் போட்டால் நீலமாக இருக்க வேண்டிய கொலாஜன் வெந்த இடத்தில் சிவப்பாக மாறும், அதற்குப் போலரைசர்கூட வேண்டாம். வெட்டாமல் பார்க்க முடியாது, அது ஒன்றுதான் குறை.

கயல், நீங்களும் இதைப் பக்கத்துத் துண்டுகளில் செய்யுங்கள். செல்லுக்கு வெறும் எச் அண்ட் இ போதாது, சூடு காட்டியவுடனே ஃபார்மலினில் போட்ட செல் செத்திருந்தாலும் பார்க்க நன்றாகவே இருக்கலாம், சிதைவதற்கு அதற்கு நேரமே கிடைக்கவில்லை. உறைந்த வெட்டில் என்பிடிசி சாயம் போடுங்கள், நொதி வேலை செய்யும் செல் நீலமாகும், செத்தது ஆகாது.

கயல்_லேப்

மூன்று வாரம் கழித்து வருகிறேன், மன்னிக்கவும். கடைக்காரர் விடியற்காலை நாலரைக்கு வரச் சொன்னார், போனேன், ஐஸ் பெட்டியில் நாலு காது. கன்ட்ரோலில் மேல்தோல் செல்கள் தேன்கூடு மாதிரி வரிசையாக ஒளிர்ந்தபோது லேப்பில் சத்தமே போட்டுவிட்டேன், இத்தனை நாள் அப்படி ஒரு படம் நான் எடுத்ததே இல்லை. 55 டிகிரி, 5 நிமிடத்தில் அந்தத் தேன்கூடு குலைந்துவிட்டது, என்பிடிசி நீலமும் இல்லை, கீழே எஸ்எச்ஜி ஆடாமல் அசையாமல் நிற்கிறது. 65-இல் எஸ்எச்ஜியும் போய், துண்டும் சுருங்கியிருந்தது, ஐயா சொன்னபடி ஸ்கேல் வைத்து அளந்தேன்.

பழைய ஆறு மாதத் துண்டுகளில் எஸ்எச்ஜி அளவுகளையாவது காப்பாற்றலாமா என்று வழிகாட்டி கேட்கிறார். வெந்நீர் எவ்வளவு நேரம் பட்டது என்று தெரியாமல் எப்படி என்று நான் கேட்டேன். இன்னும் பதில் சொல்லவில்லை. டாக்டர், ஃப்ராக்ஷனல் லேசர் போடும் தோல் மருத்துவர் ஒருவரிடம் பேசியிருக்கிறேன், காதில் போட்டுத் தருகிறேன் என்கிறார், ஆனால் பன்றியின் காது என்று சொன்னதும் கிளினிக்குக்கு உள்ளே கொண்டுவரக் கூடாது, ஞாயிற்றுக்கிழமை பின்வாசல் வழியாக வா என்றார்.

தோல்ஷாப்_வாணியம்பாடி

வாங்கிய காதை உப்பில் போட்டுவிடாதம்மா. ஐஸ் மட்டும்.